‘மிகை’யில் வழுக்கும் இடங்கள்

புதிதாக எழுத வருபவர்கள் ‘மிகைப்படுத்து’ என்பதில் ‘ப்’பை விட்டுவிடுவார்கள். அதை மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திவிடுவார். பொருளில் வழுக்கினால்தான் அப்படியே அச்சேறிவிடுகிறது.

மிகைபடக் கூறலும் மிகைப்படுத்தலும்

மிகை என்றால் வேண்டியதற்கு மேல் இருப்பது. ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்கிறது குறள் 345: பிறவியை அறுக்க முயல்பவர்களுக்கு உடம்பேகூட வேண்டாத சுமை. ‘மிகைநாடி மிக்க கொளல்’ (504) என்பதில், குணம் குற்றம் இரண்டில் எது கூடுதல் என்று பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். இரண்டிலும் பெரிதுபடுத்திப் பேசும் பேச்சே இல்லை.

இதை மறந்துவிட்டு, இலக்கண நூலான நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான ‘மிகைபடக் கூறல்’ என்பதற்கு ‘இல்லாததைக் கூட்டிச் சொல்லுதல்’ என்று உரை எழுதுகிறார்கள். எரிச்சல் வருகிறது. அதற்கு முன்னால் நிற்கும் குற்றம் ‘குன்றக் கூறல்’ என்பதையாவது பார்க்கலாம். ஒன்று தேவைக்குக் குறைவாகச் சொல்வது, மற்றது தேவைக்கு மேல் சொல்வது. உண்மையா பொய்யா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

தெருவில் 3 விளக்குகள் எரியவில்லை. அதைச் சொல்ல இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினால் மிகைபடக் கூறல், வெட்டினால் சரியாகிவிடும். ‘ஊரே இருளில் மூழ்கிவிட்டது’ என்பது மூன்றே சொல், வெட்ட ஒன்றுமில்லை. ஆனால் அது மிகைப்படுத்தல். எண்ணிக்கையைப் போட்டால்தான் தீரும். திருத்துபவர் ஓரத்தில் ‘மிகை’ என்று மட்டும் குறித்தால், எழுதியவர் நாலு அடைமொழியை அடித்துவிட்டு இருளை அப்படியே விட்டுவைப்பார். ‘நீளம்’ என்றோ ‘பெரிதுபடுத்தல்’ என்றோ பிரித்துக் குறியுங்கள்.

‘என்றால் மிகையாகாது’

கேட்பவர் ‘கொஞ்சம் கூடுதலோ’ என்று நினைக்கக்கூடிய கூற்றுக்குத்தான் இந்த வால் பொருந்தும். ‘தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்றால் மிகையாகாது’ என்கிறார்கள். கல்வெட்டே சொல்லும் செய்தியில் மிகை எங்கிருந்து வரும்? ‘மிகையல்ல’ என்று எழுதுபவர்களுக்கு: அல்ல என்பது பன்மை; ஒருமைக்கு ‘மிகையன்று’.

உயர்வு நவிற்சி

கவிதையில் ஒன்றை அழகுக்காகப் பெரிதுபடுத்திச் சொல்வது உயர்வு நவிற்சி. அது குற்றமன்று, அணி. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் அதன் பெயர் ‘அதிசயம்’.

புளுகுக்கு நாகரிகப் பெயர்

மிகைப்படுத்த உள்ளே துளி உண்மையாவது வேண்டும். 10 பேர் வந்த கூட்டத்துக்கு 100 பேர் வந்தார்கள் என்றால் மிகைப்படுத்தல். கூட்டமே நடக்கவில்லை என்றால் புளுகு என்றே எழுதுங்கள்.