அடியில் தங்கிய மருதாணிச் சிவப்பு

அழகுக் குறிப்பு எழுதும் தோழிக்காக, நன்றாகப் பிடித்த மருதாணியின் செம்பழுப்பில் நகப்பூச்சு கலந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் சிவப்பெல்லாம் புட்டியின் அடியில் சேறாகக் கிடந்தது. இரும்பு ஆக்சைடு நிறமி கனமானது. சாதாரண கிளியர் பாலிஷுக்கு அதைத் தாங்கும் திராணி இல்லை.

களிமண் வகை சேர்ந்த சஸ்பென்ஷன் பேஸுக்கு மாறினேன். அசையாமல் இருந்தால் கெட்டியாக நின்று நிறமியைப் பிடித்துக்கொள்ளும், குலுக்கினால் இளகும். கலக்க 2 எவர்சில்வர் குண்டுகள், துருவை நன்றாகத் தாங்கும் 316 ரகம். மட்டமானது துருப்பிடித்து நிறத்தையே கெடுக்கும்.

அப்புறம் ஒரு சண்டை. அவள் ரிங் லைட்டில் எடுத்த படத்தில் அது ஆரஞ்சு! சரி, இனி ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு கோட் காய்ந்த பிறகுதான் பேச்சு என்று முடிவானது. ஊசிமுனையளவு கறுப்பு சேர்த்ததும் அவள் பாட்டியின் மருதாணி விரல் நிறம் வந்துவிட்டது.