ஒரு புரதம் இழைமணியில் (மைட்டோகொண்ட்ரியாவில்) இருக்கிறதா? தானியங்கி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் முறை

கையால் தட்டை நகர்த்திப் படமெடுக்கும்போது நம் கண் அழகாக ஒளிரும் கலங்களைத்தான் தேடிப் போகும், மங்கலானதும் கோணலானதும் படத்துக்கே வராது. ஆகவே இடம் தேர்வதை இயந்திரத்திடம் விட்டுவிடுங்கள்: 96 குழித் தட்டென்றால் ஒவ்வொரு குழியிலும் அதே ஒன்பது இடங்கள், அங்கே கலம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

சாயம் போடுவதில்தான் பாதி வேலை. ஹீலா கலங்களில் (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் கலங்கள்) கருவுக்கு டிஎன்ஏயில் ஒட்டி ஒளிரும் டாபி சாயம், இழைமணிக்கு அதன் வெளிமென்சவ்வில் இருக்கும் டொம்20 புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரி, பிறகு நீங்கள் தேடும் புரதத்துக்கு ஒன்று. டொம்20க்கு சுண்டெலியில் உண்டாக்கியதை எடுத்தால் மற்றது முயலில் உண்டாக்கியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இவற்றின்மேல் ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கொண்டுவரும் இரண்டாம் பிறபொருளெதிரி இரண்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். நான் ஆரம்பத்தில் டொம்20க்குப் பச்சையாக ஒளிரும் 488 சாயம், என் புரதத்துக்குச் சிவப்பாக ஒளிரும் 568 என்று போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் படமெடுத்தேன். பச்சை ஒளி சிவப்புச் சனலுக்குள் கசிந்ததை என் புரதம் என்று நம்பி மூன்று கிழமை வீணாகப் போனது. இப்போது 488உம், அதிலிருந்து இன்னும் விலகிய ஆழ்சிவப்பு 647உம்தான், அதுவும் ஒவ்வொரு சனலாக. ஒரே சாயம் மட்டும் போட்ட குழிகளும், இரண்டாம் பிறபொருளெதிரி மட்டும் போட்ட குழியும் இல்லாமல் நான் தட்டு வைப்பதே இல்லை.

கொழும்பு வெக்கையில் ஏசியைப் போட்ட கையோடு படமெடுக்கத் தொடங்காதீர்கள். அறை குளிரக் குளிரக் குவியம் நகர்ந்துகொண்டே இருக்கும், தானியங்கிக் குவியத்தை நம்பி வீட்டுக்குப் போனால் காலையில் அரைத் தட்டு மங்கல். இரண்டு மணித்தியாலம் முன்பே போட்டுவிடுங்கள். யுபிஎஸ் கட்டாயம்.

எக்ஸ்போஷரை மிகப் பிரகாசமான குழியில் பார்த்து, ஒரு பிக்சல்கூட உச்சத்தில் முட்டாதபடி வைத்துவிட்டு, தட்டு முடியும்வரை தொடவேண்டாம். 16 பிட் டிஃப் ஆகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் கணக்கு. இலவசமாகக் கிடைக்கும் செல்புரொஃபைலர் என்ற பட அளவீட்டு மென்பொருள் இதற்குத் தாராளமாகப் போதும். டாபியை வைத்துக் கருவைப் பிடியுங்கள், அங்கிருந்து கலத்தின் எல்லைவரை விரியுங்கள், கருவைக் கழித்தால் குழியவுரு. அதற்குள் டொம்20 ஒளிரும் பகுதியை மட்டும் முகமூடியாக (அளக்கவேண்டிய இடத்தைக் குறிக்கும் வடிவமாக) வெட்டி, உங்கள் புரதத்தின் சராசரி ஒளி அதற்குள் எவ்வளவு, மிச்சக் குழியவுருவில் எவ்வளவு என்று கலம் கலமாக விகிதம் எடுங்கள். இரண்டு ஒளியும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் பியர்சன் குணகமும் பார்க்கலாம், ஆனால் கலத்துக்குள் மட்டும்: முழுப் படத்துக்கும் எடுத்தால் வெளியே இருக்கும் இருட்டே எண்ணை உயர்த்திவிடும். பிறகு புரதப் படத்தை மட்டும் இரண்டு மூன்று மைக்ரோன் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி அளவிடுங்கள். எண் விழவில்லையா, நீங்கள் அளந்தது கலமெங்கும் பரவிய ஒளியைத்தான். எல்லைக்கோடுகளைப் படத்தின்மேல் வரையச் சொல்லி ஓர் இருபது படத்தையாவது கண்ணால் பாருங்கள், ஒட்டிக்கொண்ட இரண்டு கருக்களை ஒன்றாக எண்ணியிருப்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு தட்டில் மூவாயிரம் கலங்கள் கிடைத்ததால் மூவாயிரம் மாதிரிகள் என்று எழுதிவிடாதீர்கள். வெவ்வேறு நாளில் மூன்று தடவை செய்தால் மூன்று, அவ்வளவுதான்.

சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி ஏறக்குறைய 200 நனோமீற்றருக்குக் கீழ் பிரித்துக் காட்டாது. ஆகவே இழைமணியோடு சேர்ந்திருக்கிறது என்றுதான் இந்த எண்ணால் சொல்லலாம். வெளிமென்சவ்விலா உள்ளேயா என்று கேட்டால், இந்த எல்லையைத் தாண்டிப் பார்க்கும் சூப்பர் ரெசலூஷன் நுணுக்குக்காட்டிக்கோ, இழைமணியைப் பிரித்தெடுத்து அதன் மென்சவ்வுகளையும் உட்பகுதியையும் தனித்தனியாக்கி, பிறபொருளெதிரியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் புளொட்டுக்கோ போகவேண்டும்.