பாதாமோடு வெண்டைக்காயும்: கெட்ட கொழுப்பைக் குறைக்க எங்கள் வீட்டுச் சமையல்

பாதாமை எதற்குப் பதிலாகச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு கைப்பிடி என்பது ஏறக்குறைய 28 கிராம், 23 பருப்பு. அதில் 165 கலோரி இருக்கிறது. சாயங்கால மிக்சர், முறுக்கோடு இதையும் சேர்த்துக் கொறித்தால் எடைதான் ஏறும். மாமனாருக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும், மிக்சர் டப்பா இருந்த இடத்தில் பாதாம் டப்பாவை வைத்துவிட்டேன்.

அந்தக் கைப்பிடியில் 6 கிராம் புரதம், 3 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, ஒரு நாளுக்குத் தேவையான வைட்டமின் ஈ-யில் பாதி கிடைக்கும். கொழுப்பும் 14 கிராம் உண்டு. ஆனால் பெரும்பகுதி இதயத்துக்கு நல்லதான நிறைவுறாக் கொழுப்பு. "ஏம்மா, நிலக்கடலை போதாதா?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. புரதத்தில் கடலை பாதாமைவிட ஒரு படி மேல்தான். வைட்டமின் ஈ, கால்சியம் இரண்டிலும் பாதாம் முந்துகிறது. கையில் பணம் இறுக்கமாக இருந்தால் பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். கடலையை உப்பில்லாமல் வேகவைத்தோ வறுத்தோ சாப்பிடலாம்.

இராத்திரி ஊறவைத்தால் மெல்லுவதற்கு எளிது, பல் சரியில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. சத்து பல மடங்கு கூடிவிடும் என்று நம்ப வேண்டாம். தோலை உரிக்கவும் வேண்டாம், நார்ச்சத்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. மாமனாருக்கு ஊறவைத்ததைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கிறேன். ஏதாவது ஒன்று கடுங்கசப்பாக இருந்தால் துப்பிவிடுங்கள்.

பாதாம் தனியாகப் பெரிய வேலை செய்துவிடாது. கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்து டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் பாதாம், சோயாப் புரதம், வழவழப்பான நார்ச்சத்துள்ள உணவுகள், தாவர ஸ்டெரால் (குடல் கொழுப்பை உறிஞ்சுவதைக் குறைக்கும் தாவரப் பொருள்) சேர்த்த மார்ஜரின் என்று நான்கையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் எல்டிஎல் 28 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்த குழுவுக்கு இறங்கியதற்குக் கிட்டத்தட்ட சமம். அது சாப்பாட்டையே கையில் கொடுத்து நடத்திய சோதனை. பின்னால், ஆலோசனை மட்டும் சொல்லி அவரவர் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட வைத்தபோது ஆறு மாதத்தில் 13 சதவீதம் போலத்தான் குறைந்தது. அதுவும் நல்ல பலன்தான். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விஷயம்: அந்த வழவழப்பு நார்ச்சத்துப் பட்டியலில் ஓட்ஸ், பார்லியோடு நம் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் இருந்தன.

அதனால் வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்குவதற்காக எண்ணெயை ஊற்றி முறுக வதக்குவதை விட்டுவிட்டேன். நமக்கு வேண்டிய சத்தே அதுதான். முழுதாகக் கழுவித் துடைத்து, இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் லேசாகப் புரட்டி, புளி கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பிலோ சாம்பாரிலோ போடுங்கள். புளிப்பு சேர்ந்ததும் பிசுபிசுப்பு நாக்கில் தெரியாது, குழம்பும் கொஞ்சம் கெட்டிப்படும். கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்யுங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய் விசேஷ நாளுக்கு இருக்கட்டும். சோயாவுக்கு மீல்மேக்கர் இருக்கிறது: வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை நன்றாகப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும்.

வெள்ளைக் குருமாவுக்குத் தேங்காயில் பாதியைக் குறைத்து, ஊறின பாதாம் பதினைந்து போடுங்கள். பச்சை மிளகாய், சோம்பு, ஒரு துண்டு இஞ்சியோடு வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் குருமா திரிந்த மாதிரி தெரியும். காய் வெந்த பிறகு விழுதைச் சேர்த்து, சிறுதீயில் இரண்டு கொதி வந்தால் போதும். நிறையக் கொதிக்கவிட்டால் அடிபிடிக்கும், தண்ணீரும் நிறைய இழுக்கும்.

பால் வேண்டாம் என்பவர்களுக்குப் பாதாம் பால்: அரை கப் பருப்பை ஊறவைத்து, இரண்டு கப் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் பிழியுங்கள். காபிக்கு என்றால் பாலை மிதமாகச் சூடாக்கி, டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விடுங்கள், இல்லையென்றால் திரிந்துவிடும். ஆனால் புரதத்தில் இது மாட்டுப்பாலுக்கு ஈடாகாது. அதற்குச் சோயாப் பால்தான் சரி. கைக்குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாகப் பாதாம் பாலைக் கொடுக்கவே கூடாது. பிழிந்த சக்கையைச் சப்பாத்தி மாவில் பிசையுங்கள், நார்ச்சத்து எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கிறது. கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் வாரம் தவறாமல் வரட்டும்.

பாலும் முட்டையும் முழுக்க விட்டவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தாவர உணவையும் நம்பி அதை விட்டுவிட முடியாது, குறைந்தால் நரம்பு பாதிக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு வேண்டாம், தொண்டையில் அடைக்கும், பொடித்தே கொடுங்கள்.

கொழுப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இப்படிச் சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து லிப்பிட் ப்ரொஃபைல் (இரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டினால், மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.