பெஞ்சைத் தொடாதீர்கள், முதலில் கரும்பலகையைப் பாருங்கள்

புதிதாக ஒரு வகுப்பு கைக்கு வந்ததும் பெஞ்சுகளை இழுத்துப் போடத்தான் கை பரபரக்கும். நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். இரண்டாம் வாரம், முன்வரிசையில் வலது ஓரம் உட்கார்ந்திருந்த சிறுமி 83-ஐ 33 என்று எழுதியிருந்தாள். கவனமில்லை என்று கடிந்துகொண்டேன். மறுநாள் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையில் பாதி கண்ணாடிபோல் மின்னியது. எனக்கே அது 33 ஆகத்தான் தெரிந்தது.

ஆகவே முதல் வேலை, பார்ப்பது. காலை பத்து மணிக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, அறையின் நான்கு மூலைகளிலும் குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து பலகையைப் படியுங்கள். மின்னினால் பலகையை ஒட்டிய ஜன்னலின் ஒரு கதவைச் சாத்திப் பாருங்கள். வழவழப்பாகிவிட்ட பலகை என்றால் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசச் சொல்லுங்கள். முடிந்தவரை ஜன்னல் குழந்தைகளின் இடப்பக்கம் வரட்டும்; வலக்கையால் எழுதுபவர்களுக்குக் கைநிழல் நோட்டில் விழாது.

அடுத்தது வரைபடம். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்தை ஓர் அடியாகக் கொண்டு அறையை வரையுங்கள். கதவு, ஜன்னல், மின்விசிறி, அலமாரி எல்லாம் அதில் வர வேண்டும். அதே அளவில் அட்டையில் பெஞ்சுகளை வெட்டி, படத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். இடுப்பு வலி தப்பும்.

முதல் பெஞ்சுக்கும் பலகைக்கும் நடுவே ஏழு அடியாவது விடுங்கள். கிட்டத்தில் போட்டால் ஓரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து சாய்ந்து தெரியும். நடைபாதை இரண்டடி போதும்; சக்கர நாற்காலியில் வரும் குழந்தை இருந்தால் மூன்றடிக்குக் குறையக் கூடாது. யாரையும் எழுப்பாமல் ஒவ்வொரு குழந்தையின் நோட்டையும் உங்களால் எட்ட முடிகிறதா? அதுதான் சோதனை. கதவருகே எதுவும் வேண்டாம்.

இனி வடிவம். 2025 ஜூலையில் தமிழ்நாட்டில் 'ப' வடிவ இருக்கை பெரிதாகப் பேசப்பட்டது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்ற எதிர்ப்பும் கூடவே எழுந்தது. கலந்துரையாடலுக்கும் கதை சொல்வதற்கும் 'ப' அருமையானது. பலகையைப் பார்த்து நாற்பது நிமிடம் எழுத வேண்டிய கணக்குப் பாடத்துக்கு நான் வரிசைக்கே திரும்பிவிடுவேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே குறைவு. தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுவாகப் பாயில் உட்கார வைக்கலாம். அங்கே பெஞ்சைவிடக் காலித் தரைதான் செல்வம்.

இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையைப் பெஞ்சின் இடது நுனியில் அமர்த்துங்கள். நடுவில் போட்டால் நாள் முழுக்க முழங்கைச் சண்டை. திங்கட்கிழமைதோறும் வரிசை மாற்றுங்கள். பார்வைக் குறைவோ காது மந்தமோ உள்ளவர்கள் மட்டும் முன்னாலேயே இருக்கட்டும்.

எல்லாம் சரியாக அமைந்த பின் பெஞ்சுக் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் சிறு பெயிண்ட் புள்ளி வையுங்கள். மாலையில் பெருக்கும்போது எல்லாம் நகர்ந்துவிடும். காலையில் பிள்ளைகளே புள்ளி பார்த்து இழுத்துப் போட்டுவிடுவார்கள்.