டைம் காசுகளில் அச்சு வேறுபாடு தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பத்து சென்ட் காசான டைமில் சின்னச் சின்ன அச்சு வேறுபாடுகளைத் தேடிச் சேர்ப்பது செலவில்லாத பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் பலரும் உள்ளே வருகிறார்கள். கொஞ்ச நாளில் பணம் எங்கே போனது என்று கணக்குப் பார்க்கிறார்கள். புதியவர்கள் வாங்கி வந்து காட்டும் காசுகளைப் பார்த்தால், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகள்தான். காசைத் தேய்த்துக் கழுவக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மின்ட் மார்க் இல்லையென்றால் உடனே பிழைக் காசு என்பது

மின்ட் மார்க் என்பது காசு அடித்த ஆலையைக் காட்டும் எழுத்து: ஃபிலடெல்ஃபியாவுக்கு பி, டென்வருக்கு டி, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எஸ். 1979 வரை ஃபிலடெல்ஃபியா டைமில் எழுத்தே கிடையாது. 1965, 66, 67 ஆண்டுக் காசுகளில் எந்த ஊருக்கும் கிடையாது. எஸ் விடுபட்ட 1975 டைம் லட்சக்கணக்கான டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் அது சான் ஃபிரான்சிஸ்கோவின் ப்ரூஃப் காசு, அதாவது சேகரிப்பவர்களுக்கென்று தனியே அடித்தது. வெளியே தெரிந்தவை இரண்டே இரண்டு. உங்கள் சில்லறையில் கிடந்த 1975 அது இல்லை.

இயந்திர இரட்டிப்பை டபுள்டு டை என்று வாங்குவது

இதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. சமீபத்தில் ஒருவர் 1969-எஸ் ப்ரூஃப் டைம் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்தார். இணையத்தில் 60 டாலர் கொடுத்து வாங்கியது. ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்தது, பக்கத்தில் இருந்த எஸ்-ஸும் அதே பக்கமாக இரட்டையாகத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்திருப்பதால் கூடுதல் அபூர்வம் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் அது டபுள்டு டை இல்லை என்பதற்கே சாட்சி.

ஏன் என்றால், அந்தக் காலத்தில் ஹப் என்ற மூல அச்சை வேலை அச்சின் மீது ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தம் சற்றே விலகி விழுந்தால் இரண்டு உருவமும் அச்சிலேயே பதிந்துவிடும். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இரட்டிப்பு வரும். அதுதான் டபுள்டு டை. மின்ட் மார்க் அதில் சேர்த்தியே இல்லை. அழுத்தமெல்லாம் முடிந்த பிறகு, அதைக் கையால் தனியே குத்தினார்கள். ஆகவே 1984 வரையிலான ப்ரூஃப் காசுகளில் ஹப் விலகினால் ஆண்டு எண் இரட்டிக்கும், எஸ் இரட்டிக்காது. கை தவறினால் எஸ் இரட்டிக்கும், ஆண்டு எண் இரட்டிக்காது. இரண்டும் ஒரே திசையில் நகர்ந்திருந்தால், காசு அடிபட்ட கணத்தில் அச்சு லேசாக ஆடி, மேடாக எழும்பிய உலோகத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது என்று பொருள். அதுதான் இயந்திர இரட்டிப்பு. அடுத்த காசில் அது வேறு மாதிரி வரும், வராமலும் போகும். மதிப்பு கிடையாது.

கண்ணாலும் பிரிக்கலாம். இயந்திர இரட்டிப்பில் எழுத்து மெலிந்து, பக்கத்தில் தட்டையாக, பளபளப்பாக ஒரு படி நிற்கும். உண்மையான டபுள்டு டையில் எழுத்து தடித்திருக்கும், அதன் முனைகள் பிளந்து மேட்டோடு தெரியும். 1960-களின் கடைசி ப்ரூஃப் காசுகளில் அந்தத் தட்டைப் படி மலிவாகக் கிடைக்கும் சரக்கு.

விற்பவர்களின் சாமர்த்தியத்தையும் கவனியுங்கள். “டபுள்டு டை” என்று எழுத மாட்டார்கள், “டபுளிங் உண்டு” என்று எழுதுவார்கள். பொய் இல்லைதானே! திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த ஒரு வார்த்தையைக் காட்டுவார்கள். நம் நண்பருக்கும் அதுதான் நடந்தது.

அப்புறம், தேய்ந்த அச்சு. எழுத்தோரம் கரைந்து, தளமெல்லாம் சொரசொரப்பாக இருந்தால் அது அச்சின் முதுமை. அதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

யுஎஸ்பி நுண்ணோக்கி வாங்குவது

10 மடங்கு லென்ஸ் போதும்.

1982: மங்கிய பி-யை இல்லாத பி என்பது

டைமில் பி எழுத்து 1980-ல் வந்தது. 1982-ல் பி குத்தாத அச்சு ஒன்று வேலைக்குப் போய்விட்டது. ஒஹாயோவின் சான்டஸ்கி பக்கம் அந்தக் காசுகள் நிறையக் கிடைத்தன. அதை நம்பி, அச்சில் மசகு அடைத்து மங்கிப்போன பி-யையும் சிலர் பெட்டியில் போடுகிறார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். நிழல் மாதிரி பி-யின் வடிவம் தெரிந்தால் செலவழித்துவிடலாம். அசலிலும் ஆண்டு எண் பளிச்சென்று விழுந்ததற்கு ஒரு விலை, மழுங்கியதற்கு வேறு விலை.

பட்டியலில் எண் இருந்தால் விலையும் இருக்கும் என்று நம்புவது

டி மீது டி, எஸ் மீது எஸ் என்று ஒரே எழுத்தை மறுபடி குத்திய மறுகுத்து வகைகள் அச்சு வேறுபாடுகளின் பட்டியலில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாங்க ஆள் இருப்பது கொஞ்சத்துக்குத்தான்: 1942-ன் கீழே 41 தெரியும் மெர்க்குரி டைம் (பழைய வடிவம்), 1945-ன் மைக்ரோ எஸ் (வழக்கத்தைவிடச் சிறிய எஸ்) என்று விரல்விட்டு எண்ணலாம். மற்ற பலவற்றைத் தரச்சான்று நிறுவனங்கள் உறையில் குறிப்பிடுவதே இல்லை, குறிப்பிட்டாலும் தனிக் கட்டணம். 1964 வரையிலான டைம் என்றால் 90 சதவீதம் வெள்ளி. பல சமயம் வெள்ளியின் விலைதான் திரும்பி வரும். சிறு வகைகளைச் சேர்ப்பது தேடுகிற சுகத்துக்காக. அதற்கு மேல் கொடுக்கும் டாலரைச் செலவு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

உறையில் எழுதாமல் வைப்பது

எந்தப் பக்கம், எந்த எழுத்து, எந்தத் திசை. வாங்கிய அன்றே எழுதுங்கள்.