காணி கேட்கப் போகும் தோட்டத்துப் பெண்களுக்கு: முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

இலங்கை மலையகத்தில் காணி உரிமை என்றதும் ஊர்வலமும் பதாகையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள், அது நடக்க வேண்டிய நடைதான். ஆனால் நடந்து வீடு திரும்பினாலும் நாம் குடியிருக்கும் லயம் (வரிசை வீடு) அதே லயம், அதற்கு மேலே மலையும் அதே மலை. நான் சொல்லப் போவது அதற்குப் பிறகுள்ள வேலையை. ஒரு தோட்டத்தில், ஒரு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்), பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து காணியையும் மண்சரிவையும் ஒரே கடிதத்தில் எப்படிக் கேட்பது என்பது.

ஏன் ஒரே கடிதம்? மழை அடித்துப் பெய்தால் எழும்பிப் போங்கள் என்பார்கள், எங்கே போவது என்று கேட்டால் பதில் இருக்காது. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் பாய் விரித்துக் கிடந்துவிட்டு வெயில் வந்ததும் அதே காம்பராவுக்கு (லயத்து அறைக்கு)த் திரும்ப வேண்டியதுதான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின, அந்த இடம் ஆபத்து என்று அதற்குப் பல வருடம் முன்பே சொல்லியிருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா எல்லாம் சரிந்ததைப் பார்த்தோம். காணி இல்லாதவளுக்கு எச்சரிக்கை வந்தும் போக இடமில்லை. அதனால் 'மாற்றுக் காணி' என்ற சொல் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

சரி, கூட்டம். மலையில் இருந்து இறங்கி, பிள்ளையைக் கூட்டி வந்து, விறகு அடுக்கி, ரொட்டி சுட்டு முடிக்கவே இருட்டிவிடும், அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் பேசத் தெம்பு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பகல், கோயில் மண்டபம் அல்லது பிள்ளை மடுவம் (பிள்ளைகளைப் பார்க்கும் இடம்). எந்தத் தொழிற்சங்கத்தின் பெயரிலும் வைக்காதீர்கள். சங்கத்துக்குச் சந்தா வெட்டப்படுவது நம் சம்பளத்தில் இருந்துதான், ஆனாலும் ஒரு சங்கத்தின் கூட்டம் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த லயத்து அக்காமார் வரமாட்டார்கள். ஆம்பிளைகளை விரட்ட வேண்டாம், வெளியே உட்கார்ந்து கேட்கட்டும். பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) வாய் திறக்காத பெண் இங்கேயாவது பேச வேண்டும் அல்லவா.

இனித்தான் கொப்பி. தடித்த மட்டை போட்ட, கோடு போட்ட கொப்பி ஒன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். லய இலக்கம், காம்பரா இலக்கம், எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள், எத்தனை பேர், யார் யார் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பெயர் உள்ளவர்கள், யார் கைக்காசுக்கு (பதிவில்லாத நாட்கூலிக்கு)ப் போகிறவர்கள், மரக்கறி போடும் துண்டு நிலம் இருந்தால் அது எங்கே என்று எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்யாதவர்களை விட்டுவிடாதீர்கள், கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளையும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

பெயரில் கவனம் வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாள அட்டையில் லச்சிமி, செக்ரோலில் வெறும் லெச்சுமி என்று இருக்கும், காணி உறுதிப் பத்திரம் எழுதும் நாளில் இது மூன்று பேரா ஒரு ஆளா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எத்தனை விதமாக எழுதியிருக்கிறதோ அத்தனையையும் கொப்பியில் அப்படியே குறித்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தரிடம் போய் எல்லாம் ஒரே ஆள்தான் என்று கடிதம் வாங்க இப்போதே அலையத் தொடங்குங்கள். இதற்குத்தான் அதிக நாள் எடுக்கும்.

இன்னொன்று, படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் வரும். கை தானாகவே புருஷன் பெயரை எழுதும். 7 பேர்ச்சஸ் காணியானாலும் சரி, இருவர் பெயரிலும் வேண்டும் என்று கடிதத்தில் தனியாக எழுதுங்கள். அரச காணியில் மூத்த மகனுக்கே முன்னுரிமை என்று 1935இல் இருந்து இருந்த காணி அபிவிருத்திச் சட்டத்தின் வரிசையையே 2022இல் திருத்திவிட்டார்கள். அந்தச் சட்டம் லயத்துக்கு நேரடியாக வராவிட்டாலும், நாட்டின் போக்கு இது என்று ஒபிஸில் சொல்லலாம்.

அப்புறம், காணி யாருடையது? துரையுடையது (தோட்ட முகாமையாளருடையது) இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு நீண்ட காலக் குத்தகையாக்கினார்கள். சில தோட்டங்கள் இன்னும் ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் என்ற அரச நிறுவனங்களிடம் இருக்கின்றன. உங்கள் தோட்டம் எதில் என்று தெரியாமல் கடிதம் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும்.

இதைத் தெரிந்துகொள்ள 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்று. இரண்டாவதில், இன்ன தோட்டம், இன்ன டிவிஷன், இன்ன இலக்க லயங்கள் பற்றிய மண்சரிவு அறிக்கையின் பிரதி வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலம், அதை மறக்காமல் கடிதத்தில் எழுதுங்கள். பதில் முகவரியாகத் தோட்ட ஒபிஸைக் கொடுக்காதீர்கள்! டவுனில் நம்பிக்கையான கடை ஒன்றின் முகவரி போதும்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, மழையை அளந்து எழுதுங்கள். நேராக மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, வளைவு தொடங்கும் இடத்தில் மேல் பாகத்தை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் சின்னக் கல் போட்டு, மட்டமாகும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூச்சியமாக வைத்து அடிமட்டத்தை (அளவுகோலை) ஒட்டுங்கள். கூரைத் தண்ணீர் தெறிக்காத, மரம் மறைக்காத இடத்தில் கம்பு நட்டுக் கட்டி, தினமும் பெரட்டுக்குப் போகுமுன் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைப் பழைய கோட்டுக்கு இறக்கிவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் பையைக் கட்டித் தயார், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 வந்தாலோ வெளியேற்றம். போத்தல் கணக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதனால் நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், மூட முடியாத கதவு, பீலியில் (ஊற்றுக் குழாயில்) திடீரென்று கலங்கிய தண்ணீர் என்று எதைக் கண்டாலும் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் எழும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

லயத்துக்கு மேலே உள்ள கான் (வடிகால்) அடைந்து கிடந்தால் போனில் படம் எடுத்து, நாளையும் எழுதி வையுங்கள். கான் வெட்டுக்கு ஆள் போடாமல் செலவு குறைப்பது நிர்வாகம், சரிந்த பிறகு பழி மழைக்கு. மாரி பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே படத்தோடு துரைக்குக் கடிதம் கொடுங்கள், ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும் போடுங்கள். தோட்டத்துக்குள் எங்களால் வேலை செய்ய முடியாது என்று சபைகள் சொன்ன பழைய சாட்டு, பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்தோடு போய்விட்டது. சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது, உங்கள் பக்கத்துப் பெண் உறுப்பினர் யார் என்று பார்த்து அவர் கையில் கொடுங்கள்.

எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி. ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்கிக் கொப்பிக்குள் ஒட்டுங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் சண்டை பிடிக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஒட்டுங்கள். தகவல் தரமாட்டோம் என்று பதில் வந்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவரும் மறுத்தால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நாளை எண்ணும் பொறுப்பை ஒருத்தியிடம் கொடுங்கள், கணக்கில் கெட்டியான ஒரு தங்கச்சி எல்லா லயத்திலும் இருப்பாள்.