ஆற்றோரத் தறிப்பட்டறைக்கு ஒரு வெள்ளக் கணக்கு

குமாரபாளையத்திலும் பவானியிலும் ஆற்றோரம் தறி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேட்டூரில் 120 அடியும் நிரம்பி, வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிட்டால் தாழ்ந்த தெருக்களுக்குள் காவிரி வந்துவிடும். 2018, 2022, 2024 மூன்றிலும் பார்த்தோம். வடிந்த கையோடு, “தரையை மூணடி தூக்கிடலாமுங்க” என்று கடனுக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன் ஒரு தாள் எடுத்து உட்காருங்கள்.

முதலில் சுவரில் தண்ணீர்க் கறை நின்ற உயரத்தை அளந்து எழுதுங்கள். அரை அடி ஏறினால் எது போகும், இரண்டடி ஏறினால் எது போகும்? விசைத்தறியில் மோட்டார் கால்மாட்டில் இருப்பதால் முதல் நனைப்பு அதற்குத்தான். மோட்டாரின் கம்பிச்சுருளை (காயில்) மறுபடி கட்டும் கூலி, வீணான நூல், பீம் என்கிற உருளையில் சுற்றிய நிலையில் கறை பிடித்த பாவு நூல், சேறு அள்ளும் கூலி எல்லாம் எழுதுங்கள். தறி நின்ற நாட்களின் வருமானத்தைப் பலர் எழுதுவதே இல்லை. பெரிய நட்டம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஜமக்காளக் குழித்தறிக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். தெரு காய்ந்த பிறகும் குழிக்குள் தண்ணீர் நிற்கும், கால் வைக்க முடியாது.

எடுத்துக்காட்டுக்கு, ஒரு வெள்ளத்துக்கு நட்டம் 1,20,000 ரூபாய், எந்த ஆண்டிலும் வெள்ளம் வர ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். ஆண்டுச் சராசரி 24,000. (ஐந்தில் ஒன்று என்றால், இந்த வருஷம் வந்தது இனி நாலு வருஷம் வராது என்று அர்த்தமில்லை.) தரையைத் தூக்க 6 லட்சம், 30 வருஷத்தில் மிச்சம் 7,20,000. லாபம்போலத் தெரிகிறதா?

சரி, இப்போது மலிவானதை முதலில் செய்து பாருங்கள். மெயின் போர்டை மேலே மாற்றி, நூலையும் கழற்றிய மோட்டாரையும் ஏற்ற இரும்புப் பரண் அடிக்க 40,000 ஆகிறது, 10 வருஷம் தாங்கும், அதாவது ஆண்டுக்கு 4,000. இதனால் ஒரு வெள்ளத்தின் நட்டம் 50,000 ஆகக் குறைந்தால் ஆண்டுச் சராசரி 24,000இலிருந்து 10,000 ஆகும், பரண் செலவைக் கழிக்காமல் ஆண்டுக்கு 14,000 மிச்சம். அதற்குப் பிறகு தரையைத் தூக்கிக் காப்பாற்றப்போவது மீதி 10,000 மட்டும்தான். 30 வருஷத்துக்கு 3 லட்சம். அதற்கு 6 லட்சம் கடன் எதற்கு? 12 சதவீத வட்டி என்றால் முதல் வருஷ வட்டியே 72,000. இரண்டாவது வேலையின் பயனை, முதல் வேலை விட்டுவைத்த நட்டத்தில் மட்டுமே கணக்கிட வேண்டும்.

அணைத் தண்ணீருக்கு முன்னெச்சரிக்கை கிடைப்பதால்தான் பரண் கைகொடுக்கிறது. மழை பெய்த வேகத்தில் நொய்யல் பெருகும் இடத்தில் அந்த 14,000ஐ நம்பாதீர்கள்.

சுவர் கட்ட நினைக்கிறவர்கள் சாக்கடையைப் பாருங்கள். ஆறு ஏறினால் அதன் வழியாக எதிர்த்து உள்ளே வரும். அதை அடைக்கும் செலவும் சுவரின் செலவுதான். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத் திரும்பினால் அந்த நட்டத்தையும் எழுதுங்கள்.

பட்டறையிலேயே குடியிருந்து, நடக்க முடியாத பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால், ஆடி ஆவணிக்கு மேட்டில் ஓர் அறை வாடகைக்குப் பிடியுங்கள். அந்தச் செலவுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.